வரிசைக்குக் கணக்கு எழுதியவர்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. கணிதம்)

விளக்கு ஏற்றியவர் பெயரை ஊர் நினைவில் வைத்துக்கொள்ளும்; திரி திரித்தவர் பெயரைக் கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. தொலைபேசி என்றதும் அலெக்சாண்டர் கிரகாம் பெல்லின் பெயரைப் பள்ளிப் பிள்ளைகளும் சொல்லிவிடுவார்கள். ஆனால் ஆயிரம் வீடுகளில் தொலைபேசி இருந்தால் அவற்றுக்கு எத்தனை கம்பிகள் இழுத்தால் போதும் என்று கணக்குப் போட்டுச் சொன்ன அறிஞரை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? அவர்தான் டென்மார்க் நாட்டுக் கணித மேதை அக்னர் கிராருப் எர்லாங். தொலைத்தொடர்புத் துறையினரிடையே அவர் பெயர் மீட்டர், கிராம் போல ஓர் அளவின் பெயராகவே நிலைத்துவிட்டது. அவர் மறைந்து தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகியும், நம் கைப்பேசியிலும் கணினியிலும் ஓடும் இணையத்தின் உள்ளே அவருடைய கணக்கு இன்னும் வேலை செய்துகொண்டிருக்கிறது.

நான் அவரை அறிந்த கதை

எங்கள் ஊர் சிவகங்கைச் சீமையில் ஒரு கண்மாய்க்கரைக் கிராமம். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். காரைக்குடி செக்காலையில் இருக்கும் அத்தை வீட்டில் தங்கிப் படிக்கிறேன். சோற்றுக்கும் படுக்கைக்கும் அத்தை என்னிடம் ஒரு காசு வாங்கியதில்லை. மற்றச் செலவுகளுக்காக மாலை நேரங்களில் ஒரு கணினி மையத்தில் வேலை பார்க்கிறேன். அங்கே பத்துக் கணினிகள், அத்தனைக்கும் ஒரே இணைய இணைப்பு.

சென்ற ஆண்டு ஒரு நாள் மாலை, பன்னிரண்டாம் வகுப்பு முடித்த ஒரு பெண் தன் தகப்பனாரோடு வந்தாள். கல்வி உதவித்தொகை விண்ணப்பத்துக்கு அன்றுதான் கடைசி நாள். சான்றிதழ்களை ஏற்ற வேண்டும். பக்கம் திறக்கவில்லை. திறந்தபோது பாதியில் நின்றது. மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினோம். இப்படியே ஒன்றரை மணி நேரம் போயிற்று. கடைசிப் பேருந்து போய்விடும் என்று தகப்பனார் எழுந்தார். அந்தப் பெண் ஒன்றும் சொல்லாமல் சான்றிதழ்களை மஞ்சள் பையில் அடுக்கி வைத்துக்கொண்டு போனாள்.

அவர்கள் போன பிறகுதான் பார்த்தேன். பத்தாவது கணினியில் ஒரு பெரிய சினிமாக் கோப்பு இறங்கிக் கொண்டிருந்தது. அதை இறக்கப் போட்டிருந்தவன் நானே. வேறு இரண்டு கணினிகளில் விளையாட்டுக் காட்சி ஓடியது. இந்த மூன்றுக்கும் இடையில் அந்தப் பெண்ணின் விண்ணப்பம் நசுங்கிப் போயிற்று. அவளுடைய நான்கு சான்றிதழ்களும் சேர்ந்தால் இரண்டு மெகாபைட்டுக்கு மேல் இராது.

இணைப்பு போதவில்லை, பெரிதாக வாங்கலாம் என்றார் மையத்தின் உரிமையாளர். எவ்வளவு பெரிதாக என்ற கேள்விக்கு எங்கள் இருவரிடமும் விடை இல்லை. மறுநாள் என் கணிதப் பேராசிரியரிடம் போய்க் கேட்டேன். இந்தக் கேள்விக்கு நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் பதில் எழுதிவிட்டார் என்று சொல்லி, எர்லாங்கைப் படிக்கும்படி என்னை நூலகத்துக்கு அனுப்பினார்.

பிறப்பும் இளமையும்

எர்லாங் 1878-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் டென்மார்க்கின் ஜட்லாந்துப் பகுதியில் லோன்போர்க் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் ஹான்ஸ் நீல்சன் எர்லாங் அவ்வூர்ப் பள்ளிக்கூட ஆசிரியர். தேவாலயத்தின் கணக்கு வழக்குகளையும் கவனித்து வந்தவர். தாயார் மக்தலேனா சமயக் குருமார் மரபில் வந்த அம்மையார். ஓர் அண்ணனும் இரண்டு தங்கைகளும் அவருக்கு உடன்பிறந்தவர்கள். பள்ளிக்கூடமே வீடு, வீடே பள்ளிக்கூடம் என்ற சூழலில் அவர் வளர்ந்தார்.

மாலை வேளைகளில் அண்ணன் பிரெடெரிக் புத்தகம் படிக்க உட்காருவாராம். வீட்டில் இருந்தது ஒரே பிரதி. தம்பி அக்னர் மேசைக்கு எதிர்ப்புறம் அமர்ந்து, அதே புத்தகத்தைத் தலைகீழாகப் படித்து முடிப்பாராம். ஒரு பொருளை இருவர் ஒரே நேரத்தில் பயன்படுத்துவது எப்படி என்ற கேள்விக்கு அவர் கண்ட முதல் விடை இதுதான் போலும்! வானியலில் அவருக்குத் தீராத ஆசை. விண்மீன்களைப் பற்றிக் கவிதைகளும் புனைந்தார்.

பதினான்காம் வயதில் கோப்பன்ஹேகன் பல்கலைக்கழகம் நடத்திய தகுதித் தேர்வை எழுத அவர் முன்வந்தார். அதற்கு உரிய வயது ஆகாததால் சிறப்பு அனுமதி பெற வேண்டியிருந்தது. தேர்வில் சிறப்பாக வெற்றி பெற்று ஊர் திரும்பியவர், தந்தையின் பள்ளியிலேயே இரண்டு ஆண்டுகள் உதவியாசிரியராகப் பணியாற்றினார். அக்காலத்திலேயே பிரெஞ்சும் இலத்தீனும் கற்றுக்கொண்டார்.

பதினாறு வயதானபோது மகனைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பத் தந்தை விரும்பினார். விருப்பம் இருந்தது, பணம் இல்லை. ஆசிரியர் குடும்பத்தின் வருவாய் அதற்கு இடம் கொடுக்கவில்லை. அந்நிலையில் ஹில்லரேட் என்னும் ஊரிலிருந்த தூரத்து உறவினர் ஒருவர் அந்தப் பையனுக்கு இலவசமாக உணவும் தங்குமிடமும் தந்தார். அங்கே தங்கி, பிரெடெரிக்ஸ்போர்க் பள்ளியில் பயின்று, நுழைவுத் தேர்வில் தேறி, உதவித்தொகையும் பெற்றுக் கோப்பன்ஹேகன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார் எர்லாங்.

இந்தப் பகுதியை நூலகத்தில் படித்தபோது நான் சற்று நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். அந்த உறவினர் ஒரு தட்டுச் சோறு அதிகமாக வைத்திராவிட்டால், தொலைபேசி உலகம் தன் கணக்காசிரியரை இழந்திருக்கும். செக்காலையில் என் அத்தை வைக்கும் தட்டும் அத்தகையதுதான்.

பள்ளி ஆசிரியரும் தொலைபேசிக் கழகமும்

1901-ஆம் ஆண்டில் எர்லாங் முதுகலைப் பட்டம் பெற்றார். கணிதம் முதன்மைப் பாடம். வானியல், இயற்பியல், வேதியியல் துணைப் பாடங்கள். பின் ஏழு ஆண்டுகள் பல பள்ளிகளில் ஆசிரியராக இருந்தார். டென்மார்க் கணிதச் சங்கத்தின் கூட்டங்களுக்குத் தவறாமல் போவார். அங்கேதான் யோஹான் யென்சன் என்பவரின் நட்புக் கிடைத்தது. பகுப்பாய்வுப் பாடத்தில் நாம் படிக்கும் யென்சன் சமனின்மையைத் தந்தவர் இவரே. கணிதம் அவருக்கு ஓய்வு நேரத் தொண்டு. வயிற்றுப்பாட்டுக்கு அவர் செய்த வேலை கோப்பன்ஹேகன் தொலைபேசிக் கழகத்தில் தலைமைப் பொறியாளர் பணி.

அக்காலத்தில் ஒருவர் தொலைபேசியை எடுத்தால், இணைப்பகத்தில் அமர்ந்திருக்கும் பணிப்பெண் ஒரு கம்பியைச் செருகி அவரை மறுமுனையோடு இணைக்க வேண்டும். கம்பிகள் குறைவாயிருந்தால் அழைப்பவர் காத்திருந்து சலித்துப்போவார். கம்பிகளை அதிகமாக இழுத்தாலோ, அவை நாள் முழுதும் சும்மா கிடந்து முதலைத் தின்னும். இந்த இரண்டுக்கும் நடுவில் சரியான எண்ணிக்கை எது? கழகத்தின் தலைவர் பிரெடெரிக் யோஹான்சன் 1907-இல் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதிப் பார்த்தார். முழு விடை கிடைக்கவில்லை. யென்சனின் தூண்டுதலால் 1908-ஆம் ஆண்டு எர்லாங் அந்தக் கழகத்தில் சேர்ந்தார். சில காலத்தில் அதன் ஆய்வுக்கூடத் தலைவரும் ஆனார்.

மறுவருடமே, அதாவது 1909-இல், அவருடைய முதல் பெரிய கட்டுரை வெளிவந்தது. தொலைபேசி அழைப்புகள் ஒன்றையொன்று கேட்டுக்கொண்டு வருவதில்லை. அவை தற்செயலாக வருகின்றன. ஆயினும் அந்தத் தற்செயலுக்கும் ஓர் ஒழுங்கு உண்டு என்று அவர் காட்டினார். அந்த ஒழுங்கு வேறொன்றுமில்லை. நாம் புள்ளியியல் தேர்வுக்காக மனப்பாடம் செய்யும் பாய்சான் பரவலேதான். 1917-ஆம் ஆண்டில் அவர் எழுதிய இரண்டாவது பெருங்கட்டுரையே அவருக்கு உலகப் புகழ் தந்தது. கம்பி கிடைக்காமல் திரும்பிப் போகும் அழைப்புகள் நூற்றுக்கு எத்தனை, காத்திருக்க நேர்ந்தால் எவ்வளவு நேரம் என்ற இரண்டுக்கும் அதில் அவர் சூத்திரம் வகுத்தார். பிரிட்டிஷ் அஞ்சல் துறை அதை ஏற்றுத் தன் இணைப்பகங்களின் கணக்குக்குப் பயன்படுத்தியது. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஓர் ஆய்வாளர் எர்லாங்கின் எழுத்துகளை மூலத்திலேயே படிப்பதற்காக டேனிஷ் மொழியைக் கற்றுக்கொண்டார் என்றால், அவற்றின் பெருமையை வேறு எப்படிச் சொல்வது?

ஓர் எர்லாங் என்பது என்ன?

ஒரு கம்பி ஒரு மணி நேரம் முழுவதும் பேச்சால் நிறைந்திருந்தால் அது ஓர் எர்லாங் சுமை. மும்மூன்று நிமிடம் நீடிக்கும் இருபது அழைப்புகள் ஒரு மணி நேரத்தில் வந்தாலும் அதே ஓர் எர்லாங்தான். கூட்டிப் பார்த்தால் அறுபது நிமிடம். ஆகவே ஒரே கம்பி போதும் என்று நமக்குத் தோன்றும். எர்லாங்கின் சூத்திரமோ வேறு சொல்கிறது. ஒரு கம்பிதான் என்றால் இரண்டு அழைப்புக்கு ஒன்று திரும்பிப் போகும். இரண்டு கம்பிகளாக்கினால் ஐந்துக்கு ஒன்று. மூன்றானால் பதினாறுக்கு ஒன்று. நான்கானால் அறுபத்தைந்துக்கு ஒன்று. ஐந்தானால் முந்நூற்று இருபத்தாறுக்கு ஒன்று. சராசரியை நம்பியவன் ஆற்றில் இறங்கி மூழ்கிய கதை நமக்குத் தெரியும். சராசரிக்கு மேல் எவ்வளவு இடம் விட வேண்டும் என்பதைத்தான் எர்லாங் எண்ணாகச் சொன்னார்.

இதைவிட வியப்பான செய்தி ஒன்றும் அந்தச் சூத்திரத்தில் உண்டு. நூற்றுக்கு ஓர் அழைப்புத் திரும்பினால் போகட்டும் என்று வைத்துக்கொள்வோம். பத்துக் கம்பிகள் ஏறத்தாழ நாலரை எர்லாங் சுமையைத் தாங்கும். அப்படிப் பத்துப் பத்தாக இரு குழுக்கள் தனித்தனியே இருந்தால் மொத்தம் ஒன்பது எர்லாங். அந்த இருபது கம்பிகளையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டாலோ பன்னிரண்டு எர்லாங் தாங்கும்! ஒரு கம்பியும் கூடவில்லை. சேர்ந்ததால் மட்டுமே கொள்ளளவு கூடியது. கூட்டுக் குடும்பத்தின் பெருமையைக் கணிதத்தால் நிறுவியவர் எர்லாங் எனலாம்.

ஏணியும் எளிமையும்

எர்லாங் ஏட்டுக் கணக்கோடு நின்றவர் அல்லர். கோப்பன்ஹேகன் தெருக்களின் அடியில் புதைத்திருந்த ஈயக் கம்பிவடங்களில் மின்சாரம் கசிந்து வந்தது. அதை அளக்கும் பொறுப்பும் அவருக்கு வந்தது. ஆய்வுக்கூடத்தில் தொடக்கத்தில் ஆட்கள் இல்லாமையால் அளவெடுக்க அவரே புறப்பட்டார். ஏணி சுமந்த ஒரு தொழிலாளி பின்தொடர, தெருத் தெருவாகப் போய், குழிகளுக்குள் இறங்கி அளந்துவரும் அந்தக் கணித அறிஞரைக் காண்பது நகர மக்களுக்குப் பழகிப்போன காட்சியாயிற்று.

அவர் மணம் செய்துகொள்ளவில்லை. அதிகம் பேசவும் மாட்டார். தம் வருவாயில் பெரும் நூலகம் ஒன்றைச் சேர்த்தார். கணிதமும் வானியலும் மட்டுமன்றி வரலாறு, தத்துவம், கவிதை ஆகியவற்றிலும் தோய்ந்தவர். வறியவர்கள் அவரை ஆய்வுக்கூடத்துக்கே தேடி வருவார்களாம். அருகில் இருப்பவருக்கும் தெரியாதபடி உதவி செய்து அனுப்பிவிடுவார். வலக்கை கொடுப்பதை இடக்கை அறியாத வள்ளன்மை அது.

ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழகத்தில் பணியாற்றினார். அத்தனை ஆண்டுகளில் நோய் என்று ஒரு நாளும் விடுப்பு எடுத்ததில்லை. 1929 ஜனவரியில் வயிற்று அறுவைச் சிகிச்சைக்காக மருத்துவமனையில் சேர்ந்தார். திரும்பி வரவில்லை. பிப்ரவரி 3-ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை தம் ஐம்பத்தொன்றாம் வயதில் மறைந்தார். 1946-இல் சர்வதேசத் தொலைபேசி ஆலோசனைக் குழு, தொலைபேசிச் சுமையின் அளவுக்கு எர்லாங் என்று பெயரிட்டது. 1948-இல் அவருடைய வாழ்க்கையும் எழுத்துகளும் தொகுக்கப்பட்டு ஆங்கிலத்தில் நூலாக வந்தன. ஸ்வீடன் நாட்டு எரிக்சன் நிறுவனத்தார் 1986-இல் தொடங்கிய கணினி மொழி ஒன்றுக்கும் அவர் பெயரே வாய்த்தது.

இன்றைய இணையத்தில்

நம் நாட்டில் 1882-ஆம் ஆண்டு ஜனவரியில் கல்கத்தா, பம்பாய், சென்னை நகரங்களில் தொலைபேசி இணைப்பகங்கள் திறக்கப்பட்டன. டிரங்க் கால் பதிவு செய்துவிட்டு அஞ்சலக வாசலில் அரைநாள் காத்திருந்த காலத்தை நம் வீட்டுப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். பொதுமக்களுக்கு இணையம் வந்தது 1995 ஆகஸ்டு 15-இல். கருவி மாறியது, வரிசை மாறவில்லை.

தொலைபேசியில் ஒரு பேச்சுக்கு ஒரு கம்பி முழுதாகக் கிடைக்கும். இணையத்தில் அப்படி இல்லை. படமோ பாட்டோ விண்ணப்பமோ, எதுவாயினும் சிறு சிறு பொட்டலங்களாகப் பிரிந்து ஒரே தடத்தில் ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். அவற்றை வழிநடத்தும் கருவியே ரூட்டர். தடத்தின் கொள்ளளவைத்தான் பேண்ட்வித் என்கிறோம். எர்லாங் தொடங்கி வைத்த வரிசைக் கணிதத்தின் எளிய சூத்திரப்படி, தடம் பாதி நிறைந்திருந்தால் ஒரு பொட்டலம் கடக்க ஆகும் சராசரி நேரம் இரண்டு மடங்காகும். நூற்றுக்கு எண்பது நிறைந்தால் ஐந்து மடங்கு. தொண்ணூறு என்றால் பத்து மடங்கு. தொண்ணூற்றொன்பது என்றால் நூறு மடங்கு. அன்று அந்தப் பெண்ணின் பக்கம் திறக்காததன் காரணம் எனக்கு இங்கே விளங்கியது.

நெரிசலின் கொடுமையை உலகம் 1986 அக்டோபரில் கண்கூடாகக் கண்டது. அமெரிக்காவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்துக்கும் பெர்க்லிப் பல்கலைக்கழகத்துக்கும் இடையே நானூறு கஜம்தான் தூரம். அந்தத் தடத்தின் வேகம் நொடிக்கு 32,000 பிட்டிலிருந்து 40 பிட்டுக்கு வீழ்ந்தது. அதன் பிறகுதான், பொட்டலம் தொலைந்தால் அனுப்புபவர் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் முறையை வான் ஜேக்கப்சன் வகுத்தார். அந்த நல்ல பழக்கத்தைப் பயன்படுத்தித்தான் ரூட்டரும் நெரிசலை ஒழுங்குபடுத்துகிறது. டிராஃபிக் ஷேப்பிங் என்று இதற்குப் பெயர்.

எங்கள் தாத்தா கண்மாயில் நீர்பாய்ச்சியாக இருந்தவர். மடையைத் திறந்து, இன்னார் வயலுக்கு இவ்வளவு நேரம் என்று முறை வைத்துத் தண்ணீர் விடுவார். ரூட்டர் செய்வதும் அதுவே. ஒவ்வொரு கணினிக்கும் ஒரு வாளி இருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். சீரான வேகத்தில் அந்த வாளியில் அனுமதிச் சீட்டுகள் விழுந்துகொண்டிருக்கும். சீட்டு இருந்தால் பொட்டலம் போகலாம். இல்லையேல் காத்திருக்க வேண்டும். சும்மா இருந்த கணினிக்குச் சீட்டுகள் சேர்ந்திருக்கும்; ஆகவே அது திடீரென்று கேட்கும்போது உடனே கிடைக்கும். விடாமல் இழுத்துக் கொண்டிருப்பவனோ தன் பங்குக்கு மேல் போக முடியாது.

எங்கள் மையத்தின் இணைப்பு நொடிக்கு 20 மெகாபிட். உரிமையாளரின் அனுமதியோடு ரூட்டரில் மொத்த வேகத்தை 18 என்று வரையறுத்தேன். இரண்டை ஏன் இழக்க வேண்டும் என்று அவர் கேட்டார். வரிசை எங்கேயாவது ஒரு பக்கம் நிற்கத்தான் போகிறது; அது வெளியே நின்றால் நம் கையில் இல்லை, நம் ரூட்டரில் நின்றால் யாரை முன்னே விடுவது என்று நாம் சொல்லலாம் என்று விளக்கினேன். ஒவ்வொரு கணினிக்கும் 1.5 மெகாபிட் உறுதி. மீதமுள்ள மூன்றையும், பிறர் பயன்படுத்தாமல் விட்டதையும் வேண்டியவர் எடுத்துக்கொள்ளலாம். விண்ணப்பம் நிரப்பும் இரண்டு கணினிகளின் பொட்டலங்களுக்கு முதலிடம். பெரிய கோப்புகளுக்குக் கடைசி இடம். பெரிய இணைப்பு வாங்கும் பேச்சு அதோடு நின்றது.

எர்லாங்கின் கணக்கு இணையத்துக்கு அப்படியே பொருந்திவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. 1990-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பெல்கோர் நிறுவன ஆய்வாளர்கள் கணினி வலையின் சுமையை அளந்து பார்த்தார்கள். அது தொலைபேசி அழைப்பைப் போலச் சீராக வருவதில்லை, அலை அலையாகத் திரண்டு வருகிறது என்று கண்டார்கள். ஆகவே சூத்திரம் சொல்வதற்கு மேலும் சற்று இடம் விட்டு வைப்பது நலம். ஆனால் காத்திருப்பை அளக்க முடியும், அளந்தால் குறைக்க முடியும் என்ற வழியைத் திறந்தவர் எர்லாங்கே.

முடிவாக

சென்ற மாதம் ஒரு விண்ணப்பத்தின் கடைசி நாளன்று பத்துக் கணினிகளும் நிறைந்திருந்தன. வெளித் திண்ணையிலும் ஆட்கள் இருந்தார்கள். ஒருவருடைய விண்ணப்பமும் பாதியில் நிற்கவில்லை. உரிமையாளர் எனக்கு ஒரு தேநீர் வாங்கிக் கொடுத்தார்.

மஞ்சள் பையோடு போன அந்தப் பெண் அன்று இரவு வேறெங்கேனும் போய் விண்ணப்பித்தாளா என்பது எனக்குத் தெரியாது. அவள் பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை. எர்லாங் ஹில்லரேட்டில் ஒரு வீட்டின் தயவால் மேலே வந்தார். தம்மிடம் கை நீட்டியவரை அவர் வெறுங்கையோடு அனுப்பவில்லை. நானும் ஒரு வீட்டின் தயவால்தான் படிக்கிறேன். ஆனால் என் முறை வந்தபோது, என் அலட்சியத்தால் ஒருத்தியை வெறுங்கையோடு அனுப்பிவிட்டேன்.

நண்பர்களே, தடம் எவ்வளவு அகலமானாலும் அதைக் கேட்பவர் தொகை அதைவிட அதிகமாகத்தான் இருக்கும். வலியவன் எடுத்தது போக மிஞ்சியது எளியவனுக்கு என்றால் அங்கே கணக்கும் இல்லை, நீதியும் இல்லை. நாளை நம்மில் பலர் அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் ஏதாவது ஒரு மடையின் பக்கத்தில் நிற்கப் போகிறோம். அப்போது வரிசையின் கடைசியில் நிற்பவருக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்பதை ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்ப்போமாக. லோன்போர்க் கிராமத்து ஆசிரியர் மகனுக்கு நாம் செலுத்தும் நன்றி அதுவாகவே இருக்கும்.